மீண்டும் முயற்சிக்கவும்

புஷ்பவல்லிக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், அவளுக்கு முன்னால் நேர்காணலுக்குப் போனவர் உண்மையைச் சொல்லிவிட்டதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேலே 'தமிழர் கைகொடுக்கும் வாரியம்' இயங்கி வந்தது. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி ஆகியவை வேண்டுவோர் வாரியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வேறு வழியில் விண்ணப்பிக்க முடியாது. தளத்துக்கு யார் வந்தார்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்பதையெல்லாம் சர்வர் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். லாக் ஃபைல் என்பார்கள். அந்தக் கோப்பைப் படித்து, இன்றைக்கு இத்தனை வருகை என்று வண்ணப்படம் போட்டுக் காட்டுவதற்கு ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். கோப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது.

முன்னால் போனவர் செலாயாங்கிலிருந்து வந்த பட்டதாரி. "பழைய லாக்கை அப்பப்ப அழிச்சிடணும் சார், இல்லேன்னா டிஸ்க் நிரம்பிடும்" என்று அவர் சொன்னது வெளியே உட்கார்ந்திருந்த புஷ்பவல்லிக்குக் கேட்டது. உள்ளே யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அடுத்த நிமிடம் பட்டதாரி வெளியே வந்து, தன் கோப்பை மறந்துவிட்டு, மறுபடி உள்ளே போய் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

புஷ்பவல்லிக்கு நாற்பத்தொரு வயது. கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் எட்டு வருடம் கணினிப் பிரிவில் இருந்தவள். கிடங்கு ஜொகூருக்கு மாறிப்போனதிலிருந்து ஐந்து மாதமாகக் காப்பார் ஊரில் தன் வீட்டில் வேலையில்லாமல் இருந்தாள். அந்தப் பட்டதாரி சொன்னது சரி என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"லாக் ஃபைலை என்ன செய்வீங்கம்மா?" என்று வாரியச் செயலாளர் வாசு கேட்டார்.

"பத்திரமா வச்சுக்குவேன் சார்."

மேசைக்கு அப்பால் இருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆறு மாத ஒப்பந்தம். அதன் பிறகு நிரந்தரம்.

வாரியத்தின் மொழிபெயர்ப்புத் துணைக்குழு, இணையதள 'டிராஃபிக்' என்ற சொல்லை 'வலைப் போக்குவரத்து' என்று தமிழ்ப்படுத்தியிருந்தது. போக்குவரத்து என்று வந்துவிட்டதால் அதற்கு ஒரு போக்குவரத்துக் குழு தேவைப்பட்டது. குழுவின் தலைவராக, பஸ் கம்பெனியில் இருபத்தேழு வருடம் அட்டவணை போட்டு ஓய்வுபெற்ற சபாபதி நியமிக்கப்பட்டிருந்தார். புஷ்பவல்லி தன் முதல் அறிக்கையை அவரிடம்தான் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"பீக் ஹவர் எப்ப?"

"அப்படி ஒண்ணும் இல்ல சார். இருபத்து நாலு மணி நேரமும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"ஒரே மாதிரியா? எந்த ரூட்டுலயும் நான் அப்படிப் பார்த்ததில்லையே!" என்று வியந்தார் சபாபதி.

ஒரே மாதிரி இருந்ததன் காரணத்தைப் புஷ்பவல்லி இரண்டாம் நாளே கண்டுபிடித்தாள். வாரியத்தின் வரவேற்பறையில் ஒரு பெரிய டி.வி. தொங்கியது. அதில் வாரியத்தின் முகப்புப் பக்கமே எப்போதும் தெரியும்; வருகை எண்ணிக்கை உடனுக்குடன் மாற வேண்டும் என்பதற்காக ஐந்து விநாடிக்கு ஒருமுறை பக்கம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு புதுப்பிப்பும் ஒரு வருகை. நாளொன்றுக்குப் பதினேழாயிரத்து இருநூற்று எண்பது பேர் வந்துபோனதாக லாக் ஃபைல் எழுதியது. அத்தனை பேரும் அந்த டி.வி.தான்.

ஒரு நாளின் மொத்த வருகை இருபத்தேழாயிரம்; டி.வி. போக மிச்சத்தில் பெரும்பகுதி ஒரு வெளிநாட்டுத் தேடுபொறியின் இயந்திரம். அது எல்லாத் தளங்களையும் போல இதையும் பக்கம் பக்கமாகப் புரட்டிச் சென்றது. மூவாயிரம் வருகைகள், யாரோ எங்கிருந்தோ நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை ஊகித்து உள்ளே நுழையப் பார்ப்பவை. இவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மனிதர்கள் என்று தேறியது நூறு பேருக்கும் குறைவு. புஷ்பவல்லி இதை எழுதிக்கொண்டு போய் டத்தோ பட்டம் பெற்ற வாரியத் தலைவர் கமலநாதனிடம் காட்டினாள்.

டத்தோ யாருடனும் பேசுவதில்லை, உரையாற்றுவார். எதிரில் ஒருவர் இருந்தாலும் ஆயிரம் பேர் இருந்தாலும் குரல் ஒன்றுதான்.

"அம்மா, நீங்கள் குறைகளையே பார்க்கிறீர்கள். அமெரிக்காவிலிருந்து ஓர் அன்பர் இரவு பகல் உறங்காமல் நம் பக்கங்களை ஒன்றுவிடாமல் படிக்கிறார் என்கிறீர்கள். அவர் இயந்திரமாகவே இருக்கட்டும்! நம் சொந்த உறுப்பினர் எத்தனை பேர் அப்படிப் படிக்கிறார்கள்? மூவாயிரம் பேர் நிர்வாகத்துக்குள் நுழையத் துடிக்கிறார்கள் என்கிறீர்கள். இளைஞர்களுக்குப் பொறுப்பேற்கும் ஆர்வம் வந்துவிட்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்."

"சார், டி.வி.?"

"நம் டி.வி.யாக இருந்தால் என்ன? அது பார்க்கிறதா இல்லையா?"

பார்க்கிறது என்று புஷ்பவல்லி ஒப்புக்கொண்டாள்.

வாசுவின் கவலை வேறு. லாக் என்பதை மொழிபெயர்ப்புத் துணைக்குழு 'பதிவேடு' என்று ஆக்கியிருந்தது. வாரியத்தின் விதிப்படி, பதிவேடு எதுவானாலும் ஒவ்வொரு பக்கத்திலும் செயலாளர் கையெழுத்திட வேண்டும். எனவே தினமும் காலையில் முந்தைய நாள் லாக் ஃபைலைத் தாளில் அச்சடிக்க வேண்டியிருந்தது. நானூற்றைம்பது பக்கம். வாசு முதல் வாரம் பேனாவால் கையெழுத்திட்டார். இரண்டாம் வாரம் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து ரப்பர் முத்திரைக்கு மாறினார். தாள்களை வைக்க இடமில்லாமல், சக்கர நாற்காலிகள் இருந்த அறையைக் காலி செய்து நாற்காலிகளைத் தாழ்வாரத்துக்குத் தள்ளினார்கள். கையெழுத்தான பக்கம் தொலைந்துவிடக் கூடாதல்லவா? அதனால் ஒவ்வொன்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, மூன்று பிரதிகளாக அதே சர்வரில் சேமித்தார்கள்.

சில எழுத்து வரிகளாக இருந்த கோப்பு இப்படியாக யானைக் கனம் ஆனது. ஏப்ரல் தொடக்கத்தில் சர்வரின் டிஸ்க் தொண்ணூற்றொரு விழுக்காடு நிரம்பிவிட்டது.

"பழசை அழிக்கலாமா சார்?" என்று புஷ்பவல்லி கேட்டாள். நேர்காணலில் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்ல வேண்டி வந்தது.

"அழிக்கணும்னா ஆவண அழிப்புக் குழு ஓகே பண்ணணும்மா" என்றார் வாசு.

"அவங்க எப்ப கூடுவாங்க?"

"கூட முடியாதுலா. அந்தக் குழுவை அமைச்ச ஆவணத்தை யாரோ தெரியாம அழிச்சிட்டாங்க."

வாசு சற்று யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. இரண்டு விதிகளுக்கு நடுவே வழி தேடுவதில் உண்மையாகவே கெட்டிக்காரர்.

"அப்ளிகேஷனுக்குன்னு டிஸ்க்குல தனியா இடம் ஒதுக்கி இருக்கில்ல?"

"இருக்கு சார். கால்வாசி."

"அதுல எவ்ளோ யூஸ் ஆகுது?"

"கொஞ்சம்தான். ஆனா..."

"அப்ப காலியாத்தானே கெடக்கு! அதை லாக்குக்கு மாத்திடுங்க. டெம்பரரிலா. இந்த மாசம் ஒன் மில்லியன் விசிட் தொடப்போறோம். கிள்ளான்ல மண்டபம் புக் பண்ணியாச்சு. இப்ப போய் லாக் நின்னுச்சுன்னா டத்தோ என்னைக் கொன்னுடுவாரு."

எழுத்தில் கொடுத்தால் செய்வதாகப் புஷ்பவல்லி சொன்னாள். கொடுக்கமாட்டார் என்று நினைத்திருந்தாள். வாசு உடனே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். இடத்தை மாற்ற இரண்டு நிமிடம் ஆனது. தன் விரலால்தான் அழுத்தினாள்.

அந்த இடமும் பத்து நாளில் ஸ்கேன் படங்களால் தீர்ந்தது; லாக் மட்டும் நிற்கக் கூடாது என்று அதன் வரிகளுக்கு ஓர் ஓரம் விட்டிருந்தார்கள். பதினோராம் நாள் வருகை எண்ணிக்கை திடீரென்று ஏற ஆரம்பித்தது. இருபத்தேழாயிரத்தில் இருந்தது முப்பத்தைந்தாயிரம் ஆயிற்று. பிறகு நாற்பது, பிறகு ஐம்பது. சபாபதி கூடுதல் பஸ் விடச் சொல்லாத குறைதான். வரவேற்பறை டி.வி. முன்னால் நின்று டத்தோ படம் எடுத்துக்கொண்டார். உதவிப் பிரிவில் தனியாளாக இருந்த குமுதாவுக்கு அதே வாரம் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். வாரிய வரலாற்றில் முதன்முறையாக அவர் மேசையில் ஒரு விண்ணப்பம்கூடத் தேங்கியிருக்கவில்லை.

குமுதா சான்றிதழை எடுத்துக்கொண்டு நேராகப் புஷ்பவல்லியிடம் வந்தார்.

"புஷ்பா, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதே. ஒருத்தர்கூட அப்ளை பண்ணலியா? நாட்டுல எல்லாருக்கும் கால் வந்துடுச்சா?"

புஷ்பவல்லி லாக் ஃபைலைத் திறந்து, டி.வி.யையும் இயந்திரத்தையும் வடிகட்டிவிட்டு, மிச்சம் இருந்த வரிகளைப் படித்தாள். விண்ணப்பப் பக்கம், பிழை. விண்ணப்பப் பக்கம், பிழை. வரிக்கு வரி அதே. படிவத்தை நிரப்பி 'அனுப்பு' என்பதை அழுத்தினால், சேமிக்க இடமில்லாத சர்வர் 'தொழில்நுட்பக் கோளாறு. மீண்டும் முயற்சிக்கவும்' என்று பதில் சொல்லியது. மக்கள் மீண்டும் முயற்சி செய்தார்கள். விண்ணப்பப் பக்கத்தின் மேல்பகுதியில் வாரிய உறுப்பினர் முப்பத்தெட்டுப் பேரின் புகைப்படங்கள் இருந்தன. பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒவ்வொரு படமும் தனியாக இறங்கி, தனி வருகையாகப் பதிவானது. ஆக, ஒருவர் ஒருமுறை தோற்றால் வாரியத்துக்கு முப்பத்தொன்பது வருகை.

படிவத்தை யாரோ அரைகுறையாகச் செய்திருந்ததால், நிரப்பியவரின் பெயரும் கைப்பேசி எண்ணும்கூட அந்த வரிகளில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. மொத்தம் அறுபத்து மூன்று பேர். அதிகம் வந்தவர் நாகையா, காஜாங். இருநூற்றுப் பதினான்கு முறை.

புஷ்பவல்லி படிக்கட்டுக்குப் போய் அந்த எண்ணை அழைத்தாள்.

"ஆமாம்மா, நாகையாதான். லோரி ஓட்டிக்கிட்டிருந்தேன். சீனி வியாதியில வலது கால் போயிடுச்சு, முட்டிக்குக் கீழ."

"அங்கிள், நம்ம வெப்சைட்டுல..."

"போட்டுக்கிட்டே இருக்கேன்மா! காலையில பசியாறிட்டு எட்டு தடவை, சாயந்தரம் எட்டு தடவை. மீண்டும் முயற்சிக்கவும்னு வருது. முயற்சி பண்றேன்." குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இது ஒரு டெஸ்ட்டா அம்மா? யாருக்கு உண்மையிலேயே வேணும்னு பார்க்கறீங்களா? அப்படின்னா நான் விடமாட்டேன். முப்பதாம் தேதி வரைக்கும் டைம் இருக்குல்ல?"

விண்ணப்பிக்கக் கடைசி நாளான முப்பதாம் தேதிக்கு ஆறு நாள் இருந்தது. விட்டால் அடுத்த வருடம்தான். அவர் கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் புஷ்பவல்லி தாங்கிக்கொண்டிருப்பாள்.

"டெஸ்ட் இல்ல அங்கிள். எங்க தப்புதான். நான் பார்க்கறேன்."

அவள் வாசுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் மாறியதைக் கண்டு நம்பிக்கை கொண்டாள்.

"ஒரே ஆள் இருநூத்திப் பதினாலு தடவையா?" என்றார் வாசு. "அப்படின்னா நம்மகிட்ட இவ்ளோ விசுவாசமான விசிட்டர் வேற யாரும் இல்லம்மா! விழாவுக்குக் கூப்பிடுவோம். பொன்னாடை போட்டுடலாம்."

"அவருக்குப் பொன்னாடை வேணாம் சார், கால்தான் வேணும்."

"அதுக்கு அவரு அப்ளை பண்ணணும்லா."

"டிஸ்க்குல இடம் இல்லாமத்தானே அப்ளை பண்ண முடியல! அந்த ஸ்கேன் பண்ணதையெல்லாம் அழிச்சா..."

"விழா முடியட்டும். மூணாம் தேதி விழா. நாலாம் தேதி நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க." வாசு இழுப்பறையைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் காட்டி, மறுபடி உள்ளே வைத்தார். "உங்க பெர்மனண்ட் லெட்டர்கூட டைப் பண்ணியாச்சு. மேடையிலேயே டத்தோ கையால குடுக்கறோம். இந்த நேரத்துல எதையும் கெடுத்துக்காதீங்கம்மா."

அன்று கோமுட்டர் ரயிலில் கிள்ளான் போகும் வழியெல்லாம் அந்த உறையை நினைத்துக்கொண்டே போனாள். மறுநாளும் நினைத்தாள். நிரந்தர வேலை என்றால் என்ன என்பது ஐந்து மாதம் வீட்டில் இருந்தவளுக்குத் தெரியும். ஆனால் இடத்தை எடுத்துக் கொடுத்தது அவள் கை. எழுத்தில் வாங்கி வைத்திருந்த உத்தரவை எடுத்துப் பார்த்தாள். அதில் முத்திரை நன்றாகத்தான் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் வாரியமே சாப்பிடக் கீழே இறங்கியது. புஷ்பவல்லி முதலில் அறுபத்து மூன்று பெயர்களையும் எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பிறகு பழைய லாக் ஃபைல்களையும் ஸ்கேன் பிரதிகளையும் அழித்தாள். விண்ணப்பத்துக்குரிய இடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கீழே ரசம் வாங்குவதற்குள் முடிந்துவிடக்கூடிய வேலை. பிறகு கைப்பேசியை எடுத்தாள்.

"அங்கிள், இப்ப அமுக்குங்க."

"காலையிலயே எட்டு தடவை ஆயிடுச்சேம்மா."

"பரவால்ல, இன்னும் ஒரு தடவை."

மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, வேற என்னமோ வருது. 'நன்றி. உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.' இது நல்லதா?"

"நல்லதுதான் அங்கிள்."

அவர் அதை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "சரிம்மா" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு வைத்துவிட்டார்.

புஷ்பவல்லி தாளில் அடுத்த எண்ணுக்குப் போனாள். இருவர் எடுக்கவில்லை; செலாயாங்கில் கிருஷ்ணம்மாள் என்ற பெண்மணி இது ஏமாற்றுக் கும்பல் என்று நினைத்துத் திட்டினார்; அவர் மகளை அழைத்துப் புரியவைக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் அறுபத்தோரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. குமுதா சான்றிதழைக் கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். வருகை ஒரே வார இறுதியில் ஐம்பதாயிரத்திலிருந்து இருபத்தேழாயிரத்துக்கு விழுந்திருந்தது.

"என்னம்மா நடந்தது?" என்று வாசு கேட்டார்.

"ஒரு தடவை அமுக்கினாலே இப்ப போயிடுது சார். அதனால யாரும் திரும்பி வரல."

டத்தோ எழுந்து நின்றார்.

"தமிழன் சளைக்காதவன்! கேட்டது கிடைக்கும்வரை தட்டிக்கொண்டே இருப்பவன்! அவன் தட்டும் ஓசைதான் இந்த வாரியத்தின் மூச்சு. அம்மா, நீங்கள் செய்தது என்ன? தட்டியவுடன் கதவைத் திறந்துவிட்டீர்கள். அவன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்! இனி தட்டுவது யார்? தட்டுவோர் இல்லாத கதவுக்குப் பின்னால் முப்பத்தெட்டு உறுப்பினர் எதற்கு?"

கைதட்டல் எழுந்தது. சபாபதி உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

"இருபத்தேழு வருஷ அனுபவத்துல சொல்றேன். பஸ் ஸ்டாப்புல எப்பவும் கூட்டம் நிக்கணும். பஸ் டைமுக்கு வந்தா ஸ்டாப் காலியாயிடும். காலி ஸ்டாப்பைப் பார்த்தா மேலிடத்துல ரூட்டையே கேன்சல் பண்ணிடுவான். என் ரூட்டை ஒருத்தனும் கேன்சல் பண்ணினதில்ல!"

விண்ணப்பப் பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வாசு அவள் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"அந்த ஸ்கேன் பண்ணதெல்லாம் தாள்ல இருக்குல்ல? திரும்ப ஸ்கேன் பண்ணி ஏத்திடுங்கம்மா. டிஸ்க் தன்னால நிரம்பிடும். லெட்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"முப்பதாம் தேதிக்கு அப்புறம் ஏத்தறேன் சார்" என்றாள் புஷ்பவல்லி.

"இப்ப."

"மாட்டேன் சார்."

அந்தச் சொல் வெளியே வந்ததும் அவளுக்கே சற்று ஆச்சரியமாக இருந்தது.

பணிநீக்கக் கடிதம் இரண்டு பக்கம். ஆவணங்களை அழித்ததற்காக அவள்மீது நடவடிக்கை எடுக்க முடியவில்லை. அதை ஆவண அழிப்புக் குழுதான் விசாரிக்க வேண்டும். ஆகவே, 'வாரியத்துக்கு வந்துகொண்டிருந்த பொதுமக்களின் வருகையைப் பாதியாகக் குறைத்தமைக்காக' என்று காரணம் எழுதியிருந்தார்கள். பக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத் தெரிந்த வேறு ஆள் வாரியத்தில் இல்லை என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. முப்பதாம் தேதிவரை பக்கம் ஒழுங்காக வேலை செய்தது. கிள்ளானில் விழாவும் நடந்தது. எண்ணிக்கை ஒன்பது லட்சத்திலேயே நின்றுவிட்டாலும், பத்து லட்சம் என்று துணியில் அச்சடித்தாகிவிட்டதால் அதையே அறிவித்தார்கள்.

புஷ்பவல்லிக்கு இரண்டு மாதம் கழித்துத் துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. ஒப்பந்தம்தான், நிரந்தரம் இல்லை. நிரந்தரக் கடிதத்தை நினைத்துச் சில நாள் வருத்தமாக இருக்கும். செப்டம்பரில் ஒரு நாள் காலை, மீன் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நாகையா அழைத்தார்.

"அம்மா, பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தேன், உங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லலாம்னு. நீங்க இல்லேன்னுட்டாங்க."

"மேல ஏறிப் போனீங்களா அங்கிள்? மூணு மாடியாச்சே, லிஃப்ட்கூட இல்ல!"

"ஏறிட்டேன்மா. அரை மணி நேரம் ஆச்சு. மேல ஒரு சார் இருந்தாரு, கையில முத்திரையோட. என்ன விஷயம்னு கேட்டாரு. உங்க வாரியம் குடுத்த கால்தான், நன்றி சொல்ல வந்தேன்னு சொன்னேன். நேர்ல வர்றவங்களுக்கு எங்ககிட்ட பதிவேடு இல்லீங்களே, வீட்டுக்குப் போய் வெப்சைட்டுல ஒரு தடவை வந்துட்டுப் போங்க, கணக்குல ஏறும்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அங்க நெறைய தடவை வந்துட்டேன் சார், நடந்து வர்றது இதான் முதல் தடவைன்னேன்."

புஷ்பவல்லி சிரித்தாள். கண் கலங்கியது கிடங்கின் குளிராலா, வேறெதனாலா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இப்ப எங்க இருக்கீங்க அங்கிள்?"

"எறங்கிக்கிட்டு இருக்கேன். இன்னும் ஒரு மாடி இருக்கு."

"மெதுவா எறங்குங்க. கைப்பிடியைப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க வச்சிடாதீங்கம்மா, கீழ வர்ற வரைக்கும்."

அவள் பட்டியலை மேசைமேல் வைத்துவிட்டு, கைப்பேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக அவர் இறங்கும் சத்தம் கேட்டது.